பெயருக்கு முன் ஒரு சிறு கோடு

எங்கள் பள்ளிவாசலின் குடும்பப் பதிவேட்டில் இறந்தவரின் பெயரை வெட்டுவதில்லை. பெயரின் மீது கோடு கீறுவது அந்த மனிதரின் முகத்தின் மீது கீறுவதற்கு ஒப்பானது என்று எப்போதோ யாரோ எண்ணியிருக்க வேண்டும். குடும்பத் தலைவர் ஒருவர் மௌத்தாகிவிட்டால், அவர் பெயருக்கு முன்னால், இடப்புறத்தில், ஒரு நெல்மணியின் நீளத்தில் சிறு கோடு ஒன்று இடுவோம். பெயர் பழுதுபடாமல் நிற்கும். கோடு அதற்கு முன்னே நின்று செய்தியைச் சொல்லும். எனக்கு முன் பதிவேட்டைப் பேணியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பள்ளிவாசலின் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தபோது நானும் அவ்வாறே செய்தேன்.

பின்னர் கணினி வந்தது. கத்தாருக்கு வேலைக்குப் போகவிருந்த ஊரவர் ஒருவர் தம்மிடமிருந்த பழைய கணினியைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்து, அதைப் பதிவேட்டுக்கு ஏற்றவாறு அமைத்தும் தந்தார். படங்களும் சின்னங்களும் நிறைந்த திரையை அந்தக் கிழட்டு இயந்திரம் தாங்காது என்று சொல்லிக் கறுப்புச் சாளரம் ஒன்றை மட்டும் அதில் விட்டுவைத்தார். அதற்குள் எழுத்துகளால் கட்டளையிட வேண்டும். அதுவும் எழுத்துகளால் மறுமொழி கூறும். இந்த ஏற்பாடு தொடக்கத்தில் எனக்குப் பிடித்தே இருந்தது. ஒன்றைச் சுட்டிக் காட்டுவதைக் காட்டிலும் சொல்லிச் செய்விப்பதே நாகரிகம் என்று எண்ணினேன்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரே குடும்பத் தலைவரின் பெயர். பெயர்களைச் சுருக்கி, ஆங்கில எழுத்தில், சொற்களுக்கிடையே இடம் விடாமல் ஒட்டி எழுதினால் பிற்காலத்தில் சிக்கல் வராது என்று அவர் சொன்னார். நான் உடன்படவில்லை. மனிதனின் பெயர் ஈர்க்கில் கோத்த மீன் அன்று. முழுப்பெயரும் தமிழில் இருக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் இடைவெளி வேண்டும். ஒரே பெயருடையோரைப் பிரித்தறிய, அவர்கள் வாழும் இடம் இறுதியில் அடைப்புக்குறிக்குள் வரவேண்டும். அச்சில் அழகாக விழும்பொருட்டு அடைப்புக்குறிக்கு முன் இரட்டை இடைவெளியும் வேண்டும் என்றேன். அவர் நான் சொன்னபடியே செய்தார். பிறகு, இறந்தவர்களை எப்படிக் குறிப்பீர்கள் என்று கேட்டார். கோட்டைப் பற்றி விளக்கினேன்.

“சேர், பேருக்கு முன்னால கோடு வந்தா இந்த மெசின் அதை வேற மாதிரி விளங்கும்,” என்றார். “எப்பவாவது அழிக்கிற வேலை வந்தா கஷ்டப்படுவீங்க.”

“மௌத்தானவரை ஆர் தம்பி அழிக்கப்போற?”

அவர், “அதுவும் சரிதான்,” என்றார்.

இரண்டு குறுங்கட்டளைகளை எனக்கென்று ஆக்கித் தந்தார். ஒன்று, யாரேனும் கேட்டு வந்தால் பள்ளியின் கடிதத்தை அச்சிடுவது. மற்றது, மரணத்தைப் பதிவது. இரண்டாவதை இட்டவுடன், அந்தப் பெயரில், முன்னால் கோட்டுடன், புதுக் கோப்பொன்று உண்டாகும். அந்தக் கோப்பு இருக்கும்வரை அச்சாகும் கடிதமெல்லாம் அவரை ‘மர்ஹூம்’ என்று, அதாவது காலஞ்சென்றவர் என்றே குறிக்கும். பதிந்த மரணத்தை நீக்குவதற்குக் கட்டளை எதுவும் இல்லை. அது வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அவரிடம் கேட்கவும் இல்லை.

அதே ஆண்டில் நிருவாகக் கூட்டமொன்றில் நான் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன். கையால் எழுதிய கடிதங்கள் இனிப் பள்ளியிலிருந்து வெளியே போகக்கூடாது; கணினியில் அச்சாகித் தொடர் எண் பெற்ற கடிதமே செல்லும். எனக்கு முன்னிருந்தவர்களின் கையெழுத்தை வாசிக்கப் பட்ட பாடு அப்படிப் பேச வைத்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. அதன் பிரதியை அயலூர்ப் பள்ளிவாசல்களுக்கும் அனுப்பினோம்.

ஒரு புதன்கிழமை காலை, பத்து மணிக்கு முன்பாக, காரியாலய வாசலில் ஒருவர் வந்து நின்றார். உச்சமுனையில் மீன்பிடிப்பவர், ஐம்பதைக் கடந்தவர். பல தலைமுறையாக எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த, இந்தப் பள்ளிவாசலுக்கே உட்பட்ட குடும்பம். இடுப்புச் சாரத்தின் கீழ்ப்பாதி நனைந்திருந்தது. கையில், பொலித்தீன் உறைக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது.

“வாங்க தம்பி, இருங்க,” என்று கதிரையைக் காட்டினேன்.

அவர் இருக்கவில்லை. “சேர், நான் மௌத்தாப் போயிட்டனாம்,” என்றார்.

அவர் உறையைப் பிரித்துத் தாளை மேசையில் வைத்தார். எங்கள் பள்ளியின் கடிதம். தொடர் எண்ணும் என் கையொப்பமும் இருந்தன. அவருடைய மகளுக்குக் கனமூலையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். மணமகள் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவள் என்று உறுதிப்படுத்தி, அவ்வூர்ப் பள்ளிக்கு முந்திய வாரம் நான் அனுப்பிய கடிதம், அங்கிருந்து திரும்பி வந்திருந்தது. அதில் மணமகளின் தகப்பனார் பெயருக்கு முன்னால் ‘மர்ஹூம்’ என்று அச்சாகியிருந்தது. நான் அதை வாசித்துத்தான் கையொப்பமிட்டிருப்பேன். அப்படித்தான் நம்ப விரும்புகிறேன்.

“மாப்பிளட வாப்பா கோல் எடுத்தாரு,” என்றார் அவர். “‘நீங்க மௌத்தானவர் எண்டு கடிதம் வந்திரிக்கு, அப்ப போன மாசம் எங்கட ஊட்டில வட்டிலப்பம் சாப்பிட்டது ஆரு’ எண்டு கேட்டாரு. அவர் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்ட. ஆனா அவர்ட நானா சிரிக்கல்ல. வேற ஆரையோ வாப்பா எண்டு காட்டி ஏமாத்துறாங்களோ எண்டு அவருக்கு ஒரு கதை.”

சிரிக்காத அந்த அண்ணன் பக்கம் நியாயமிருந்தது. நிகாஹில் பெண்ணைக் கொடுப்பவர் தகப்பன். தகப்பன் இறந்திருந்தால் அந்த உரிமை வேறொருவருக்குப் போகும். தகப்பன் இறந்துவிட்டார் என்று ஒரு பள்ளி எழுதிக் கொடுத்திருக்க, ஒருவர் வந்து நானே தகப்பன் என்று நின்றால் எந்த நிருவாகமும் பேனையைத் திறவாது. நிகாஹ் வெள்ளிக்கிழமை. கனமூலைப் பள்ளி நிருவாகம் புதன்கிழமைகளில் மட்டும், மாலை அஸர் தொழுகைக்குப் பின் கூடும். அன்றைக்கே திருத்திய கடிதம் அவர்கள் கைக்குப் போகாவிட்டால் கலியாணம் ஒரு வாரம் தள்ளிப்போகும். மாப்பிள்ளையின் சிரிக்காத பெரியப்பாவுக்குப் பேச ஒரு வாரம் கிடைத்துவிடும்.

“ரெண்டு மணி பஸ்ஸில போனாத்தான் பாலாவியில மாறி அஸருக்கு முதல் போய்ச் சேரலாம்,” என்றார். “கோட்டை எடுத்துடுங்க சேர். அவ்வளவுதானே.”

அவ்வளவுதான் என்று நானும் எண்ணினேன்.

தவறு எங்கே நேர்ந்தது என்பதைக் கண்டுபிடிக்க அதிக நேரமாகவில்லை. இவருக்குச் சாச்சாவின், அதாவது சிற்றப்பாவின், மகன் ஒருவர் இருந்தார். பாட்டனாரின் பெயரைப் பேரர்களுக்கு வைப்பது இங்கே வழக்கமாதலால் இருவருக்கும் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர். அவர் எங்கள் ஊர்க் கடற்கரையில் வாழ்ந்தார். சில மாதங்களுக்கு முன் காலமானார். அவருடைய ஜனாஸா அடக்கத்தில் நானும் நின்றேன். திரும்பி வந்து மரணத்தைப் பதியக் கணினியின் முன் அமர்ந்தபோது, அந்த ஒடுங்கிய கறுப்புச் சாளரத்தில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. பெயர்கள் நீளமானவை. நான் இறுதியில் வைத்திருந்த இடப்பெயர் வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. ‘கடற்கரை’ என்ற சொல், தனக்கு மேலிருந்த பெயருக்குரியதா கீழிருந்த பெயருக்குரியதா என்று அப்போது நான் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த மனிதர் நனைந்த சாரத்துடன் என் முன்னால் நின்றிருக்க மாட்டார்.

அவரிடம் இதைச் சொன்னேன்.

“அப்ப அவன்?”

“அவர் பதிவேட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறார்.”

அவர் அப்போதுதான் கதிரையில் அமர்ந்தார். “அவனுக்கு எப்பவும் அப்பிடித்தான் சேர். பாடசாலையிலயும் அவன் செஞ்ச குழப்படிக்கு அடி வாங்கினது நான்.”

கோப்பை அழிப்பதற்கான கட்டளை எனக்குத் தெரியும். ஆர், எம் என்னும் இரண்டு எழுத்துகள், இடைவெளி, கோப்பின் பெயர். முன்பு தவறாகத் தொடங்கிய கடிதங்கள் சிலவற்றை அப்படி அழித்திருக்கிறேன். எழுத்தெழுத்தாகத் தட்டினேன். அந்தச் சாளரத்தில் தமிழ் ஒழுங்காக விழாது, கொம்பு ஒரு புறமும் எழுத்து மறுபுறமுமாகப் பிரிந்து நிற்கும், ஆயினும் வாசிக்கலாம். பெயரை முடித்து, சரிபார்த்து, கட்டளையை ஏற்கும் விசையை அழுத்தினேன்.

அடைப்புக்குறி அங்கே எதிர்பாராதது என்று மறுமொழி வந்தது. அடைப்புக்குறியை அவ்வாறு குறை கூறுவதற்கு அது யார் என்று எண்ணியவனாக, பெயர் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடக்கி மறுபடியும் இட்டேன். இம்முறை, அப்படியொரு தெரிவு இல்லை என்றது. நான் எதையும் தெரிவு செய்யவில்லை. ஒருவருடைய பெயரைச் சொன்னேன். எந்தத் தெரிவு இல்லை என்பதற்கு அது காட்டிய சான்றும் ஓர் எழுத்து அன்று. சாய்கோடும் மூன்று இலக்கங்களுமாக ஏதோ ஒன்று. என் தாய்மொழியின் முதலெழுத்து ஒன்று அங்கே எண்ணாக மாறியிருக்கிறது என்பது மட்டும் மங்கலாக விளங்கிற்று.

“என்ன சொல்லுது?” என்று அவர் கேட்டார்.

“அப்படியொன்று இல்லை என்கிறது.”

“நான் இல்லையா, கோடு இல்லையா?”

எனக்கு அதுவும் தெரியவில்லை. கோட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் இட்டுப் பார்க்கலாமா என்று ஒரு கணம் விரல் போயிற்று. அப்படி இட்டால் அழிவது கோடில்லாத கோப்பு. அதாவது உயிருள்ள மனிதரின் பதிவு. அதன்பின் இவர் இறந்தவராக மட்டுமே எஞ்சியிருப்பார். விரலைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

கணினியைத் தந்து கத்தாருக்குப் போனவரின் பழைய இலக்கத்துக்கு அழைத்தேன். அது இப்போது பாவனையில் இல்லை. கொழும்பிலிருக்கும் என் தங்கைக்கு அழைத்தேன். அவள் ஓர் அரச திணைக்களத்தின் கணினிப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவள். என் உரைநடையை எங்கள் குடும்பத்தில் எவரையும்விட அதிகமாகக் கேலி செய்தவளும் அவளே. கண் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். தாழ்ந்த குரலில் பேசினாள்.

“சுருக்கா சொல்லுங்க நானா. எனக்கு முன்னால இன்னும் நாலு பேர்தான்.”

சொன்னேன். “ஒரு கோப்புட பேருக்கு முன்னால ஆராவது கோடு போடுவாங்களா?” என்றாள்.

“நாங்கள் போடுவோம்.”

“சரி. கட்டளைக்குப் பின்னால கோடு வந்தா அதுக்கு அது பேரில்ல நானா. செய்ற விதம். ‘மெல்லச் செய்’, ‘கேட்டுச் செய்’ எண்டு சொல்ற மாதிரி. நீங்க ஒரு ஆள்ட பேரைச் சொன்னீங்க. அது, ‘இப்பிடி ஒரு விதத்தில செய்ய எனக்குத் தெரியாதே’ எண்டு முழிக்குது.”

ஒரு பெயரைச் செயலின் விதமாக எடுத்துக்கொள்ளும் ஒரு மொழியை என்னால் உருவகித்துப் பார்க்க முடியவில்லை. நான் மேலும் குழம்பினேன். மேற்கோள் குறிக்குள் அல்லவா இட்டேன் என்று வாதாடினேன்.

“மேற்கோள் போட்டா இடைவெளியும் அடைப்புக்குறியும் தப்பும். கோடு தப்பாது. பேரில தொடங்காதீங்க, இடத்தில தொடங்குங்க. முதல்ல ஒரு டொட், அதோட ஒட்டி ஸ்லாஷ். ‘இங்க இரிக்கிற’ எண்டு அர்த்தம். அதுக்குப் பொறகு உங்கட கோடு, பேரு எல்லாம் வரட்டும். அப்ப அதுக்கு விளங்கும், இது ஓரிடத்தில இரிக்கிற ஒரு பொருள் எண்டு.”

ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த உச்சமுனைக்காரர் தலையை அசைத்தார். “நாங்களும் அப்பிடித்தானே சேர் சொல்ற. முதல்ல ஊரு, பொறகு பேரு. என்னை உச்சமுனையான் எண்டு தொடங்காம ஆரும் கூப்பிடுறதில்ல. நீங்கதான் ஊரைக் கடைசியில கொண்டுபோய்ப் போட்டீங்க.”

“ஆரு அது?” என்றாள் தங்கை.

“மௌத்தான ஆள்,” என்றார் அவர்.

அவள் சிரித்த சத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் யாரோ அவளை அதட்டினார்கள்.

அவள் சொன்னபடியே செய்தேன். புள்ளி, சாய்கோடு, கோடு, பெயர், அடைப்புக்குறிக்குள் உச்சமுனை. இம்முறை, அப்படியொரு கோப்பே இல்லை என்று மறுமொழி வந்தது. முதலில் அடைப்புக்குறி கூடாது. பிறகு தெரிவு இல்லை. இப்போது ஆளே இல்லை. மூன்றில் எது முன்னேற்றம் என்று எனக்குப் புரியவில்லை. பட்டியலில் அந்தப் பெயர் என் கண்ணெதிரே இருந்தது. தங்கைக்கு எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினேன்.

“அடைப்புக்குறிக்கு முன்னால எத்தனை இடைவெளி?” என்று கேட்டாள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அச்சில் அழகாக விழும்பொருட்டு இரட்டை இடைவெளி வேண்டும் என்று நின்றவன் நான். வரி மடியும் இடத்திலேயே அந்த இடைவெளி விழுந்ததால் திரையிலும் அது தெரியவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு ஒன்றுமில்லாதவை. அவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாணமாக இருந்தது, சொன்னேன். இரண்டு இடைவெளி விட்டு மீண்டும் இட்டேன். அப்போதும் ஆள் இல்லை. பெயரின் நடுவிலும் எங்கோ ஒன்று கூடியிருக்கிறது போலும்; அல்லது பதற்றத்தில் என் விரல் எங்கோ ஒன்றை விட்டிருக்கிறது. எனக்கு இன்றுவரை தெரியாது.

“விடுங்க,” என்றாள். “எனக்கு முன்னால இன்னும் ஒருத்தர்தான். வேற வழி சொல்றன், கவனமாக் கேளுங்க. பேரை எழுத வேணாம். டொட், ஸ்லாஷ், உங்கட கோடு, அதோட ஒட்டி ஒரு நட்சத்திரம். ‘இங்க, கோட்டில தொடங்குற எல்லாரும்’ எண்டு அர்த்தம்.”

“எல்லாருமா?”

“அதுக்குத்தான் முன்னால ‘கேட்டுச் செய்’ எண்டு போடணும். ஒரு கோடு, ஐ எண்ட ஒரு எழுத்து. அது ஒவ்வொரு பேராக் கேக்கும். இல்லையெண்டா ‘என்’, ஓமெண்டா ‘வை’. அந்த ஐயை மறந்தீங்க எண்டா மௌத்தான எல்லாரும் போயிருவாங்க.”

“அவங்க போயிட்டாங்கதானே,” என்றார் உச்சமுனைக்காரர்.

“இன்னொண்டு. கோட்டுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில இடம் விடாதீங்க நானா. உங்கட பழக்கம் எனக்குத் தெரியும். இடம் விட்டா உயிரோட இரிக்கிறவங்களும் சேந்து வருவாங்க.”

அவளுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். தொடர்பு அறுந்தது.

கட்டளையைத் தட்டி முடித்தேன். விசையை அழுத்தவில்லை. ஒரே கோடு அந்த வரியில் இரண்டு முறை வந்தது. ஒன்று செய்யும் விதம், மற்றொன்று மரணம். எது எது என்பதை அவை நிற்கும் இடத்தைக் கொண்டுதான் அறிய வேண்டும். இடமிருந்து வலமாகவும் பின்னர் வலமிருந்து இடமாகவும் வாசித்தேன். இடைவெளி இல்லாத இடத்தில் இடைவெளி இருப்பதாகவும், இருக்கும் இடத்தில் இல்லாததாகவும் தோன்றிற்று. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகிக்கொண்டிருந்தது. அலுமாரியிலிருந்த பழைய கையெழுத்துப் பதிவேட்டை எடுத்து மேசையில் விரித்துவைத்தேன். இங்கே எல்லாம் அழிந்தாலும் அங்கே சில இருக்குமல்லவா. பிறகு அழுத்தினேன்.

முதற்பெயர் வந்தது. இவரை அகற்றவா என்று கேட்டது. பாங்கு சொல்லிவந்த எங்கள் பழைய முஅத்தினின் பெயர். வாய்விட்டு வாசித்தேன். ‘என்’ என்ற எழுத்தை அழுத்தினேன். அடுத்த பெயர் வந்தது. அதற்கும் மறுத்தேன்.

நாற்பதுக்கு மேற்பட்ட மனிதர்கள் அங்கே இருந்தார்கள். கணினி ஒவ்வொருவராக முன்னால் நிறுத்தி, இவரை அகற்றவா, இவரை அகற்றவா என்று கேட்டது. அவர்களை நான் தனித்தனியே பதிந்திருந்தேன். இப்படி ஒருசேர வரிசையில் கண்டதில்லை. உச்சமுனைக்காரர் கதிரையை என் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஏதேனும் இருந்தது.

“அவரா. அவர்ட தோணிலதான் நான் முதல்முதல் கடலுக்குப் போன.”

இல்லை என்று அழுத்தினேன்.

“இவர் உப்பளத்தில இரிந்தவர். காலில செருப்பே போடாத மனிசன்.”

இல்லை.

“இவர்,” என்று நிறுத்தினார். “இவருக்கு மட்டும் ஓம் எண்டு அமத்துங்க சேர். என்ட வலையை வெட்டின ஆள்.”

என் விரலைப் பலகையை விட்டு எடுத்துக்கொண்டேன்.

“பகிடிக்குச் சொன்ன,” என்றார். “அவர்ட மையித்தைத் தோளில தூக்கினதும் நான்தான்.”

இல்லை.

இருபத்தைந்து பேர் வரை கடந்திருப்போம். யாருக்கேனும் தவறுதலாக ஓம் சொல்லிவிட்டேனா என்ற ஐயம் எனக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. இரண்டு எழுத்துகளும் பலகையில் வெவ்வேறு வரிசையில்தான் இருக்கின்றன. ஆயினும் ஒவ்வொரு முறையும் விரலைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், மறுபடியும் விரலைப் பார்த்தேன். அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அது அவருடைய பெயர். அடுத்த வரியில், அடைப்புக்குறிக்குள், உச்சமுனை.

அவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அமத்தட்டா?” என்றார்.

எந்த எழுத்து என்று காட்டினேன். கயிறு பிடித்துக் காய்த்த விரலால், மிகவும் மெதுவாக, தூண்டிலில் ஏதோ தொடுகிறதா என்று பார்ப்பவரைப் போல அதை அழுத்தினார். கட்டளையை ஏற்கும் விசையை நான் அழுத்தினேன்.

ஒன்றும் நிகழவில்லை. அழித்துவிட்டேன் என்றோ, முடிந்தது என்றோ ஒரு சொல்லும் வரவில்லை. அடுத்த மனிதரின் பெயரைக் காட்டி, இவரை அகற்றவா என்று கேட்டது.

“முடிஞ்சா?”

“தெரியாது,” என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. தவறு செய்தபோதெல்லாம் வரிவரியாகப் பேசிய இயந்திரம் சொன்னதைச் செய்தபோது மட்டும் ஏன் மௌனமாக இருக்கிறது? அது செய்தது என்பதற்கு அந்த மௌனம் சான்றா, கேட்கவில்லை என்பதற்குச் சான்றா? விடை தெரியாமலே எஞ்சியோர் அனைவருக்கும் இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டு போனேன். வரிசை முடிந்ததும் பட்டியலை வரவழைத்தோம். கோட்டில் தொடங்கும் பெயர்களில் அவர் இல்லை. கோடில்லாப் பெயர்களில் இருந்தார். திரையில் மேலே நின்ற கேள்விகளோடு ஒப்பிட்டு மற்றவர்களை விரலால் எண்ணினேன். முதன்முறை ஒருவர் குறைந்தார். இரண்டாம் முறை ஒருவரும் குறையவில்லை. மூன்றாம் முறை எண்ண எனக்குத் துணிவு வரவில்லை.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து கடிதத்தை அச்சிட்டேன். தாள் சூடாக வெளியே வந்தது. ‘மர்ஹூம்’ இல்லை. கையொப்பமிட்டு, முத்திரை குத்தி அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பழைய கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“சேர், நான் உயிரோட இரிக்கன் எண்டு இதில எங்க இரிக்கு?”

“மர்ஹூம் என்ற சொல் இல்லையல்லவா? அதற்கு அதுதான் பொருள்.”

“அது உங்களுக்கு விளங்கும். மாப்பிளட பெரியப்பாக்கு விளங்காது. போன கிழம மௌத்து எண்டு வந்த. இந்தக் கிழம ஒண்டும் சொல்லாம வந்திரிக்கு. மறந்துட்டாங்க எண்டுதான் அவர் சொல்லுவாரு.”

கடிதத்தை வாங்கி நானும் வாசித்தேன். அவர் சொன்னது சரி. அந்தக் கடிதத்தில் இறந்தோரைக் குறிக்கச் சொல் இருந்தது; வாழ்வோரைக் குறிக்க ஒன்றும் இல்லை. எங்கள் பதிவேட்டிலும் என்றுமே இருந்ததில்லை. கோடு இன்மையே உயிர் என்று கொண்டிருந்தோம். அந்த இன்மையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பப் பார்த்தேன்.

கணினியில் அதைச் சேர்க்க வழி எனக்குத் தெரியாது. தங்கையின் தொலைபேசி அணைந்திருந்தது. கண்ணுக்கு மருந்து விட்டிருப்பார்கள். மணி ஒன்றரை ஆகிவிட்டது. மேசை லாச்சியைத் திறந்து பேனையை எடுத்தேன். அச்செழுத்துகளுக்குக் கீழே, முத்திரைக்கு இடப்புறம் எஞ்சியிருந்த வெற்றிடத்தில், கையால் எழுதினேன்: ‘மேற்குறித்த மணமகளின் தகப்பனார், உச்சமுனையைச் சேர்ந்த இவர், உயிருடன் இருக்கிறார். இன்று காலை முதல் என் முன்னால் இருந்தார். முந்திய கடிதத்திலுள்ள பிழை என்னுடையது.’ மூன்று வாக்கியங்கள். இரண்டாவது தேவையற்றது என்று எழுதியவுடனேயே தோன்றிற்று. வெட்டவில்லை.

அவர் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். “இப்ப சரி,” என்று பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, “அவனையும் போட்டுடுங்க சேர்,” என்றார். “பாவம், அவன்ட கோடு இவ்வளவு நாளும் என்ட தலையில இரிந்த.”

அஸருக்குப் பின் நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை. காரியாலயத்திலேயே இருந்தேன். அந்திநேர மஃரிபுக்குச் சற்று முன்பு அவர் அழைத்தார். பின்னால் ஆட்கள் கதைக்கும் சத்தம் கேட்டது.

“கடிதத்தை எடுத்துட்டாங்க சேர். வெள்ளிக்கிழமைதான்.”

“பெரியப்பா?”

“அவர்தான் முதல்ல வாங்கிப் பாத்த. அச்சடிச்சதை ஆரும் பாக்கவே இல்ல. நீங்க பேனையால எழுதினதை மூணு பேர் மாறி மாறி வாசிச்ச. ‘காலை முதல் என் முன்னால் இருந்தார்’ எண்ட இடத்தில பெரியப்பா சிரிச்சுட்டாரு.”

அவருடைய சாச்சா மகனின் மரணத்தை மறுநாள் பதிந்தேன். இந்தமுறை இடப்பெயர் கீழ் வரிக்கு இறங்கியதா, யாருடைய பெயருக்குக் கீழே இறங்கியது என்று விரலை வைத்துப் பார்த்துப் பதிந்தேன். பதிந்தபின் ஐயம் வந்து பழைய பதிவேட்டிலும் பேனையால் ஒரு கோடு இட்டேன். இனிமேல் ஊரை முதலிலும் பெயரைப் பின்னும் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அப்படி வைப்பதற்கு எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் மாற்ற வேண்டும். அதற்கான கட்டளையைத் தங்கை சொல்லித் தந்திருக்கிறாள். ஒரு தாளில் எழுதி, மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதிலும் ஒரு நட்சத்திரம் வருகிறது. இன்னும் தட்டிப் பார்க்கவில்லை.

கையால் எழுதிய எதுவும் பள்ளியிலிருந்து வெளியே போகக்கூடாது என்ற தீர்மானம் கூட்டக் குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அதை மீறியவரைப் பற்றி அடுத்த கூட்டத்தில் அறிவிக்க வேண்டியவர் செயலாளர். தீர்மானத்தைத் திருத்த வேண்டுமானால் அதை முன்மொழிந்தவரே எழுந்து பேசுவது முறை. அந்த இருவரும் நானாக இருக்கும்போது யார் முதலில் எழுவது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.